ஓட்டல் ரிஜிஸ்டர் கதையை இனியாவது விடுங்கப்பா

டிஸ்கி: பி.காம். படிக்கிற ஒருவன் எழுதும் கணிதப் பதிவு இது. சமன்பாடு ஒன்று கூட வராது. தைரியமாகப் படிக்கலாம்.

கணிதக்காரர்களைப் பற்றிய துணுக்குகளில் இது ரொம்பப் பிரபலம். எர்ன்ஸ்ட் ஸெர்மெலோ என்று ஒரு ஜெர்மானியர். ஸூரிச் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியர். சுவிட்சர்லாந்தில் சம்பளம் வாங்கினாலும் அந்த ஊர்க்காரர்களை அவருக்கு அவ்வளவாகப் பிடிக்காதாம். ஒரு தடவை ஓட்டலில் தங்கப் போனவர், ரிஜிஸ்டரில் 'எந்த நாட்டவர்' என்ற கட்டத்தில் 'நல்லவேளை, சுவிஸ்காரன் இல்லை' என்று எழுதிவிட்டாராம். கொஞ்ச நாள் கழித்து ஸூரிச்சின் கல்வித் துறைத் தலைவர் அதே ஓட்டலுக்கு வந்தாராம். ரிஜிஸ்டரைப் புரட்டினாராம். அவ்வளவுதான், வேலை காலி!

சிரிச்சாச்சா? சரி, விஷயத்துக்கு வருவோம்.

இந்தக் கதையைச் சொன்னவர் ஆபிரகாம் ஃப்ராங்கல், ஸெர்மெலோவின் பெயரோடு சேர்த்தே இன்று உச்சரிக்கப்படுகிற இன்னொரு கணிதர். அதனால் இதற்கு ஒரு மரியாதை வந்துவிட்டது. அந்த வரியை அவர் எழுதினாரோ இல்லையோ, அதனால் வேலை போகவில்லை. அவருக்குக் காசநோய். விடுப்பு மேல் விடுப்பு எடுத்து, வகுப்பே நடத்த முடியாத நிலையில் 1916இல் ஓய்வு கொடுத்து ஓய்வூதியத்தோடு அனுப்பினார்கள். ஹைன்ஸ்-டீட்டர் எப்பிங்ஹவுஸ் என்ற தர்க்கவியலாளர் 2007இல் எழுதிய தடிமனான வாழ்க்கை வரலாற்றில் இதெல்லாம் இருக்கிறது. ஆனால் நுரையீரல் நோயில் பஞ்ச் இல்லையே! ஓட்டல் ரிஜிஸ்டரில்தான் பஞ்ச் இருக்கிறது.

என் கோபம் கதை பொய் என்பதற்காக மட்டும் இல்லை. 'தன் வாய்க்கொழுப்பால் வேலையைத் தொலைத்தான்' என்று சொன்ன மறுநிமிடம் கேள்வி கேட்பது நின்றுவிடுகிறது. வேலை கொடுத்தவர்கள், கொடுக்காமல் இழுத்தடித்தவர்கள், பிடுங்கியவர்கள் எல்லாரும் கதையிலிருந்து நைசாக நழுவிவிடுகிறார்கள். மேடையில் ஒரு கிறுக்குப் பேராசிரியர் மட்டும் மிச்சம். கன்டோர் முடிவிலியைப் பற்றி யோசித்து யோசித்துப் பைத்தியமானார் என்று சொல்வார்களே, அதே ரகம். கணக் கோட்பாட்டுக்காரர் என்றாலே கழன்ற கேஸ் என்று முத்திரை குத்திவிட்டு, அவர்கள் எதை வைத்துச் சோறு தின்றார்கள் என்று யாரும் கேட்பதில்லை. நான் காமர்ஸ் படிக்கிறவன். எனக்கு அந்தக் கேள்விதான் முதலில் வருகிறது.

'இந்த ஆள் நமக்கு எதுக்குடா' என்று கேட்கப்போகும் வகுப்புத் தோழர்களுக்கு: கேம் தியரி படிக்கும்போது இவரைக் கடந்துதான் போகிறோம். சதுரங்கத்தில் ஒன்று வெள்ளைக்கு உறுதியாக வெல்லும் வழி இருக்கிறது, அல்லது கறுப்புக்கு இருக்கிறது, இரண்டும் இல்லையென்றால் இருவருமே டிராவை உறுதிசெய்துகொள்ள முடியும். இதுதான் 'ஸெர்மெலோ தேற்றம்'. 1913இல் வெளிவந்த சின்னக் கட்டுரை. பல பாடப்புத்தகங்கள், ஆட்டத்தின் கடைசி நகர்விலிருந்து பின்னோக்கி வரும் முறையால் இதை அவர் நிறுவினார் என்று எழுதியிருக்கின்றன. அவர் அந்த முறையைப் பயன்படுத்தவே இல்லை என்று ஷ்வால்பே, வாக்கர் என்ற இரண்டு பேர் மூலக் கட்டுரையைப் படித்துவிட்டு 2001இல் எழுதினார்கள். அதாவது செய்யாததற்குப் பாராட்டு, செய்ததைப் பற்றி மூச்சு இல்லை. மூலத்தைத் திறந்து பார்க்காமல் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதினால் இப்படித்தான் ஆகும். (அசைன்மென்ட் காப்பியடிக்கும் மக்கள் கவனிக்கவும்.)

செய்தது என்ன? பள்ளியில் வென் படம் போட்டோமே, அந்தக் 'கணம்' என்ற கருத்தை வைத்துக் கணிதம் முழுவதையும் கட்டலாம் என்று கன்டோர் வழிகாட்டினார். ஆனால் விதிமுறை இல்லாமல் கட்டினால் வீடு இடியும். 'தன்னைத் தானே உறுப்பாகக் கொள்ளாத கணங்கள் எல்லாம் சேர்ந்த கணம்' என்று ஒன்றை எடுத்தால், அது தனக்குத்தானே உறுப்பா இல்லையா? எப்படிச் சொன்னாலும் முரண். இதற்கு ரஸ்ஸல் முரண்பாடு என்று பெயர். ஸெர்மெலோ ரஸ்ஸலைச் சாராமல் தானாகவே இதைக் கண்டுபிடித்திருந்தார், கோட்டிங்கனில் ஹில்பர்ட்டுக்கும் தெரியும். ஆனால் அச்சில் போடவில்லை. பெயர் ரஸ்ஸலுக்குப் போய்விட்டது.

1904இல் அவர் போட்டது ஒரு குண்டு. மூன்றே பக்கம். எந்தக் கணத்தை எடுத்தாலும், அது எவ்வளவு பெரிதாக இருந்தாலும், அதன் உறுப்புகளை ஒரு ஒழுங்கான வரிசையில் நிறுத்தலாம். அதிலிருந்து எந்தக் கூட்டத்தைப் பிரித்தாலும் அதற்கு 'முதல் ஆள்' ஒருவர் இருப்பார். இதை நிறுவ அவர் ஒரு அனுமானத்தை வெளிப்படையாகப் போட்டு உடைத்தார். அதுதான் தேர்வு ஆக்சியம். ரஸ்ஸல் பின்னால் சொன்ன உதாரணம் இதற்குப் பொருத்தம். முடிவே இல்லாத ஷூ ஜோடிகள் இருந்தால், ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு ஷூவை எடுக்க 'எல்லாவற்றிலும் இடது கால்' என்று ஒரு விதி போதும். சாக்ஸ் ஜோடிகளாக இருந்தால்? இடது வலது கிடையாது, விதி சொல்ல வழியில்லை. இருந்தாலும் ஒவ்வொரு ஜோடியிலிருந்தும் ஒன்றைத் தேர்ந்தெடுத்ததாக வைத்துக்கொள்ளலாம் என்பதுதான் அந்த ஆக்சியம்.

அடுத்த வருடமே சண்டை. பொரெல், பேர், லெபெக் என்று பிரெஞ்சுப் பெருந்தலைகள் இறங்கினார்கள். பெயானோ, புவான்கரே எல்லாரும் ஆளுக்கு ஒரு பக்கம் அடித்தார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், அதே ஆக்சியத்தைத் தெரியாமலேயே தங்கள் நிரூபணங்களில் பயன்படுத்திக்கொண்டிருந்தவர்கள் அந்தப் பிரெஞ்சுக்காரர்கள்! வீட்டுக்குள் ஒளிந்திருந்ததை வெளியே எடுத்துக் காட்டியவருக்குத்தான் அடி. ஸெர்மெலோ 1908இல் பதில் சொன்னார். எதிர்ப்பாளர்கள் ஒவ்வொருவருக்கும் பெயர் சொல்லிப் பதில், புதிதாக இன்னொரு நிரூபணம், தனிக் கட்டுரையில் ஏழு ஆக்சியங்கள். இன்று உலகம் முழுக்கக் கணிதத்துறையின் அடித்தளம் எது என்று கேட்டால் 'இசட்எஃப்சி' என்பார்கள். முதல் எழுத்து ஸெர்மெலோ, இரண்டாவது ஃப்ராங்கல், மூன்றாவது அந்த சாக்ஸ் ஆக்சியம். ஃப்ராங்கலும் ஸ்கோலமும் பிறகு சேர்த்தது முக்கியமானதுதான். ஆனால் வீட்டுக்கு மனை போட்டவர் இவர்.

இப்போது இந்த மனுஷனின் கணக்குப் புத்தகத்தைத் திறப்போம்.

1894இல் பெர்லினில் டாக்டர் பட்டம். பிறகு மாக்ஸ் பிளாங்கிடம் உதவியாளர் (1896இல் போல்ட்ஸ்மனோடு நேருக்கு நேர் மோதினார், அது தனிப் பதிவு). 1899இல் கோட்டிங்கனில் பாடம் நடத்தும் தகுதி. அந்தக் காலத்து ஜெர்மனியில் இந்தப் பதவிக்கு ப்ரிவாட்டோட்சென்ட் என்று பெயர். பாடம் நடத்தலாம், பெருமைப்படலாம், சம்பளம் கிடையாது. மாணவர் கட்டும் கட்டணம், கிடைத்தால் ஏதாவது உதவித்தொகை, அவ்வளவுதான். பணக்கார அப்பா இருந்தால் சுகமான பதவி. 1904இல் குண்டு போட்டவர் இந்தப் பதவியில் இருந்துதான் போட்டார். 1905 கடைசியில் 'பேராசிரியர்' என்று பட்டம் கொடுத்தார்கள். பட்டம் மட்டும்! நாற்காலி கிடையாது. 1907இல் ஹில்பர்ட் முட்டி மோதி, கணிதத் தர்க்கவியல் நடத்துவதற்கென்று அமைச்சகத்திடம் இவருக்கு ஒரு விரிவுரைப் பணி வாங்கிக் கொடுத்தார். ஜெர்மனியில் அந்தப் பாடத்துக்கு அரசு கொடுத்த முதல் பணி அதுதான் என்கிறார்கள். நினைத்துப் பாருங்கள், ஒரு துறைக்கே முதல் அங்கீகாரம், அதுவும் ஒரு நண்பரின் சிபாரிசில். நிரந்தர நாற்காலி 1910இல்தான் கிடைத்தது. அதுவும் சொந்த நாட்டில் இல்லை, ஸூரிச்சில்.

1899இலிருந்து 1910 வரை 11 வருடம். பேராசிரியராக இருந்தது வெறும் ஆறு வருடம். அதிலும் நோய் தின்றது போக மிச்சம் என்ன என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஓய்வு பெறும்போது வயது 44.

இதை ஒரு கம்பெனி ஹெச்.ஆரிடம் ரெஸ்யூமாகக் கொடுத்தால் என்ன ஆகும்? 'சார், 1916க்கும் 1926க்கும் நடுவில் என்ன பண்ணீங்க?' என்பதுதான் முதல் கேள்வி. கேம்பஸ் இன்டர்வியூவில் ஒரே ஒரு வருட இடைவெளிக்கே நம்மை எப்படிக் குடைகிறார்கள் என்று அனுபவப்பட்டவர்களுக்குத் தெரியும். 'ஹோமரின் ஒடிஸியை ஜெர்மனில் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன்' என்று பதில் சொன்னால் வாசலைக் காட்டுவார்கள். ஆனால் அந்த இருபதுகளில் அவர் செய்த வேலைகளில் அதுவும் ஒன்று!

இங்கே நியாயமாக ஒரு எதிர்க்கேள்வி வரும். 'நோயாளியை வைத்துப் பல்கலைக்கழகம் என்னப்பா செய்யும்? மாணவர்களுக்கு யார் பாடம் நடத்துவது?' ஒத்துக்கொள்கிறேன். ஸூரிச்மேல் எனக்குக் கோபம் கிடையாது. சொல்லப்போனால், இந்தக் கதையில் உருப்படியாக நடந்துகொண்ட நிறுவனம் அதுதான். ஓய்வூதியம் கொடுத்தது. அதை வைத்துத்தான் அவர் பிழைத்தார். 1921இல் ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் நகருக்கு வந்து குடியேறினார், 1926இல் அந்த ஊர்ப் பல்கலைக்கழகம் கௌரவப் பேராசிரியர் ஆக்கியது. கௌரவம் அவர்களுடையது, சோறு ஸூரிச்சுடையது.

அந்தச் சோற்றுக்கு என்ன பலன் கிடைத்தது? 1929இல் ஒரு கட்டுரை: எல்லாரும் எல்லாரோடும் விளையாடி முடிக்காத சதுரங்கப் போட்டியில் ஆட்டக்காரர்களின் பலத்தை எப்படிக் கணக்கிடுவது? பிராட்லி, டெர்ரி என்ற இருவர் 1952இல் அதே மாதிரியை மறுபடி கண்டுபிடித்தார்கள், இன்று அவர்கள் பெயரில்தான் அது வழங்குகிறது. (மறுபடியும்!) சதுரங்க ரேட்டிங் முறைகளுக்கு நெருங்கிய சொந்தம். 1930இல் கணங்களின் உலகம் மாடி மாடியாக எப்படி எழும்புகிறது என்று காட்டிய பெரிய கட்டுரை. கணக் கோட்பாட்டுக்காரர்கள் இன்றும் தங்கள் உலகத்தை அந்தப் படத்தில்தான் பார்க்கிறார்கள். 1931இல் காற்றடிக்கும்போது ஒரு விமானம் எந்தத் திசையில் ஓட்டினால் சீக்கிரம் சேரும் என்ற கணக்கு, இன்றைக்கும் 'ஸெர்மெலோ வழிசெலுத்தல் பிரச்சினை' என்று பாடமாக இருக்கிறது. வேலைக்கு லாயக்கில்லை என்று 44 வயதில் கழித்துக் கட்டப்பட்டவர் 60ஐத் தொடும்போது செய்தவை இவை. அக்கவுன்டன்சியில் தேய்மானம் என்று படிக்கிறோமே, வருடா வருடம் மதிப்பைக் குறைத்துக்கொண்டே வந்து ஒருநாள் பூஜ்ஜியம் என்று எழுதிவிடுவோமே, அது மெஷினுக்கு. அதைத் தூக்கி மனுஷன்மேல் போடுகிறவர்களிடம் இந்த 1930ஆம் வருடக் கட்டுரையைக் காட்ட வேண்டும். படித்தால் புரியாது, எனக்கும் பாதிக்குமேல் புரியவில்லை, ஆனால் தேதியைப் பார்த்தால் போதும்.

ஹில்பர்ட்டைப் பற்றியும் சொல்லணும். நோயாளி நண்பருக்கு உடம்பு தேற 5000 மார்க் கிடைக்க ஏற்பாடு செய்தவரும் அவர்தான், கணக் கோட்பாட்டுச் சாதனைக்கான பரிசு என்ற பெயரில். ஆக ஒரு நண்பரின் பிடிவாதமும் ஒரு ஓய்வூதியமும் இல்லையென்றால், 'கல்வித்துறைப் பணிவாழ்வு' என்று நாம் பெருமையாகச் சொல்கிற ஏணி இவரைக் கரை சேர்த்திருக்காது.

ஸெர்மெலோ ஒன்றும் மகான் இல்லை. சண்டைக்கோழி. 1931இல் பாட் எல்ஸ்டரில் நடந்த கணிதர் மாநாட்டில் இளைஞர் கேடலைச் சந்தித்தார். முழுமையின்மைத் தேற்றத்தில் ஓட்டை இருக்கிறது என்று வாதாடினார், கேடல் பொறுமையாக நீளமான கடிதம் எழுதி விளக்கினார், அப்போதும் இவர் ஏற்கவில்லை. தப்பு இவர்மேல்தான். 1932இல் கன்டோரின் தொகுப்பு நூலைப் பதிப்பித்தபோது பல கடிதங்களை ஒன்றாக ஒட்டி ஒரே கடிதம்போல் போட்டுவிட்டார், வரலாற்று ஆய்வாளர்கள் இன்றும் திட்டுகிறார்கள். திட்டட்டும், திட்ட வேண்டியதுதான்.

ஆனால் 1935இல் ஃப்ரைபுர்க்கில் அவருக்கு நடந்ததை இந்தக் குணத்தோடு சேர்த்துக் 'கிறுக்குத்தனம்' என்று யாராவது எழுதினால் சும்மா விடக் கூடாது.

அந்த ஜனவரியில் ஸார் பகுதி மக்கள் ஜெர்மனியோடு சேர வாக்களித்தார்கள். பல்கலைக்கழகத்தில் கொண்டாட்டம். நாஜிப் பாட்டு, எல்லாரும் கையை நீட்டி ஹிட்லர் வணக்கம். ஸெர்மெலோ ஒழுங்காகக் கை தூக்கவில்லை. கணிதத் துறையிலேயே உதவியாளராக இருந்த ஆய்கன் ஷ்லோட்டர் என்பவர் இதை எழுதிக் கொடுத்துப் புகார் செய்தார். இந்த ஆள் ஆட்சியை இழிவாகப் பேசுகிறவர், கௌரவப் பேராசிரியராக இருக்கத் தகுதியில்லை என்று. விசாரணை வந்தது. துறையின் பெரிய மனிதர் குஸ்டாவ் டோச். ஒரு காலத்தில் அமைதிவாதம் பேசியவர், 1933க்குப் பிறகு கட்சிக்காரர்களைவிட அதிகமாகக் கட்சி விசுவாசம் காட்டியவர். அவரும் புகாரின் பக்கம்தான். தேற்றம் தப்பா, வகுப்பு சரியில்லையா, மாணவர்களுக்குப் புரியவில்லையா? இதெல்லாம் பேச்சே இல்லை. கை எத்தனை அங்குலம் உயர்ந்தது, அதுதான் கேள்வி.

63 வயது மனிதர். குடும்பம் கிடையாது, உடம்பில் பாதி நுரையீரல்தான் ஒழுங்காக வேலை செய்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 'மன்னித்துவிடுங்கள், இனிமேல் தூக்குகிறேன்' என்று ஒரு வரி எழுதியிருந்தால் ஒருவேளை விட்டிருப்பார்கள். அவர் அதை எழுதவில்லை. 1935 மார்ச்சில், இனி இங்கே பாடம் நடத்தப்போவதில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தார்.

இப்போது அந்த ஓட்டல் ரிஜிஸ்டரைத் திரும்பத் திறந்து பாருங்கள். எந்த நாட்டுக்காரனாக இல்லாததற்காக நன்றி சொன்னார் என்று கதை கட்டினார்களோ, அந்த நாட்டின் ஓய்வூதியத்தில் வாழ்ந்தார். எந்த நாட்டுக்காரன் என்று பெருமைப்பட்டாரோ, அந்த நாட்டுப் பல்கலைக்கழகம் அவர் கையை அளந்து பார்த்து அனுப்பியது. கதை சொல்லணும் என்று அவ்வளவு ஆசை இருந்தால் இதைச் சொல்லுங்களேன். இதிலும் பஞ்ச் இருக்கிறது. சிரிப்புத்தான் வராது.

'அவர் சும்மா இருந்திருக்கலாமே, கை தூக்கினால் என்ன குறைந்துவிடும், எத்தனையோ பேர் தூக்கவில்லையா' என்று ஒரு சீனியர் என்னிடம் கேட்டார். ஆமாம், எத்தனையோ பேர் தூக்கினார்கள். வேலையில் நீடித்தார்கள், பதவி உயர்வு பெற்றார்கள், அவர்களுடைய ரெஸ்யூமில் இடைவெளியே இல்லை. அந்த இடைவெளியில்லாத ரெஸ்யூம்களைப் பார்த்து எனக்குப் பயமாக இருக்கிறது, அதைத்தான் அவருக்குச் சொன்னேன். அவர் டீக்குக் காசு கொடுத்துவிட்டுப் போய்விட்டார். (நன்றி சீனியர்!)

போர் முடிந்தது. 1946இல் ஸெர்மெலோ தானே ஃப்ரைபுர்க் பல்கலைக்கழகத்துக்கு எழுதினார், என் பதவியைத் திருப்பிக் கொடுங்கள் என்று. அவர்களாகக் கூப்பிடவில்லை என்பதைக் கவனிக்கவும். கொடுத்தார்கள், அதே வருடம், கௌரவப் பேராசிரியர் என்று. அப்போது வயது 75. பார்வை மங்கிக்கொண்டே வந்தது. வகுப்பு எதுவும் நடத்தவில்லை. 1953 மே 21 அன்று அதே ஊரில் இறந்தார்.

பி.கு.: கேம் தியரி நோட்ஸ் கேட்டவர்களுக்கு வெள்ளிக்கிழமை தருகிறேன். அதில் ஸெர்மெலோ பகுதியை மட்டும் மாற்றி எழுதியிருக்கிறேன்.